டெலீஸ் வண்டியில் ஓர் இடம்

கரீபியன் தீவான டொமினிகாவைக் கார் இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியாது என்று புறப்படும் முன்பே பலர் சொன்னார்கள். போய் வந்த பிறகும் அதையேதான் கேட்கிறார்கள். பஸ்ஸிலேயே சமாளித்தீர்களா, வழி தெரிந்ததா, வண்டி கிடைத்ததா? கிடைத்தது. அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிடைத்த வண்டியில் எனக்கு இடம் இருந்ததால் வேறொருவருக்கு இடம் இல்லாமல் போனது பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் தலைநகர் ரோசோவில் நடந்த சின்ன விஷயம் அது. வண்டியில் இருந்தவர்கள் அன்று மாலையே மறந்திருப்பார்கள். எனக்கு மட்டும் அது அடங்க மறுக்கிறது.

ஊர்க்காரர்கள் போகும் வண்டியில் போய், ஊர்க்காரர் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, தெருவோரக் கடையில் சாப்பிடும் பயணி எந்த ஊருக்கும் பாரமாக இருப்பதில்லை என்பது நெடுநாளாக என் நம்பிக்கை. ரோசோவின் கடற்கரைச் சாலையில் நின்றால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். காலையில் எழுந்து பார்த்தால் ஊரிலுள்ள எந்தக் கட்டடத்தையும்விட உயரமான சுற்றுலாக் கப்பல் ஒன்று கரையை ஒட்டி நிற்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். வேன்களில் ஏறி ட்ரஃபால்கர் அருவிகளுக்குப் போகிறார்கள். பொழுது சாயுமுன் திரும்பி வந்து கப்பலேறிவிடுகிறார்கள். படுக்கை கப்பலில், சாப்பாடும் பெரும்பாலும் கப்பலில். ஊருக்குக் கிடைப்பது வேன் வாடகையும் கைவினைக் கடையில் வாங்கும் ஒன்றிரண்டு பொருள்களும்தான். இவர்களோடு ஒப்பிட்டால் முதுகில் ஒரு பையோடு மூலைக்கடையில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறவர் ஊருக்கு நல்லதே செய்கிறார் என்றுதான் தோன்றும். அந்த நம்பிக்கையை நான் இன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்துவிட்டது. அந்த நிபந்தனையைச் சொல்ல இந்தத் தீவில் பஸ் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் நகரம், மாலையில் ஊர்

டொமினிகன் குடியரசு வேறு, இது வேறு. குவாடலூப், மார்ட்டினிக் என்ற தீவுகளுக்கு நடுவே, நீளவாக்கில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தீவு. மக்கள்தொகை சுமார் எழுபதாயிரம். 1978இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. வரைபடத்தில் பார்த்தால் அரை நாளில் சுற்றி வந்துவிடலாம் போலத் தெரியும். அப்படி நினைக்க வைப்பது வரைபடத்தின் தட்டைத்தன்மை. கடலிலிருந்து நேராக எழும் மலைதான் இந்தத் தீவு. மிக உயரமான மோர்ன் டியாப்லோட்டென் 1,447 மீட்டர். கடற்கரையில் சமதளம் என்று சொல்ல அங்கங்கே கையகல இடம்தான். சாலை ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி மேலேறுகிறது. மலைச்சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகலாம். சாலைகள் வருவதற்கு முன்னால் பல ஊர்களுக்குக் கடல்தான் வழி.

நேர அட்டவணை போட்டு ஓடும் அரசுப் பேருந்து இங்கே இல்லை. டொயோட்டா வேன்கள்தான் பஸ். எண் பலகை ஆங்கில எழுத்து ஹெச்சில் தொடங்கினால் அது வாடகைக்கு ஓடும் வண்டி. கையை நீட்டினால் நிற்கும். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. மற்றதெல்லாம் ஓட்டுநர் கையில். ஓட்டுநர் என்றால் பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரர். அவர் வீடு ஏதோ ஓர் ஊரில் இருக்கிறது. அவர் விடியும் முன் எழுந்து தன் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ரோசோவுக்கு வருகிறார். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், சந்தைக்குச் சேப்பங்கிழங்கும் பச்சை வாழைக்காயும் கொண்டு வருகிறவர்கள். பிறகு ஊருக்குத் திரும்புகிறார். மதியம் இன்னொரு நடை. மாலையில் எல்லோரையும் வீடு சேர்த்துவிட்டு வண்டியைத் தன் வாசலில் நிறுத்திவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ஓய்வு வேண்டும், ஆகவே வண்டி அபூர்வம்.

வழித்தடத்தைவிடத் திசையும் நேரமும்தான் இதில் முக்கியம். காலையில் நகரத்தை நோக்கி வரும் வண்டி நிறைந்திருக்கும்; நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் வண்டி ஏறக்குறைய காலி. பிற்பகலில் இது அப்படியே மாறிவிடும். தீவைச் சுற்றி ஓடும் பஸ் என்று ஒன்று கிடையாது. கிழக்குக் கரையில் காசில் புரூஸிலிருந்து தெற்கே லா பிளேனுக்குப் போக வேண்டுமென்றால், வரைபடத்தில் அவை பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் காசில் புரூஸ்காரருக்கு லா பிளேனில் என்ன வேலை? இருவருக்கும் வேலை ரோசோவில்தான். ஆகவே மலை நடுவே போன் கசே ரவுண்டானா வரை வந்து இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். நான்கு திசைச் சாலைகளும் வந்து சேரும் அந்த ரவுண்டானாவில் எப்போதும் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மரப்பெரணிகளிலிருந்து தண்ணீர் சொட்டும். கரீபியன் என்றதும் நினைவுக்கு வரும் வெயிலை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, ஸ்வெட்டர் தேவைப்படும்.

வண்டிக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. ஏறுகிறவர் முதலில் எல்லோருக்கும் பொதுவாகக் காலை வணக்கமோ மதிய வணக்கமோ சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். சொல்லாமல் ஏறி உட்கார்ந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அந்த மௌனம் உறைக்கும். வரிசைக்கு ஒரு மடக்கு இருக்கை உண்டு. பின்வரிசையிலிருந்து ஒருவர் இறங்க வேண்டுமானால் நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து, இருக்கையை மடித்து, தேவைப்பட்டால் கீழே இறங்கி வழிவிட்டு மறுபடி ஏறுவார்கள். முணுமுணுப்பு கிடையாது. இறங்கிய பிறகு ஓட்டுநரின் ஜன்னல் பக்கம் போய்க் காசு கொடுக்க வேண்டும். ஆள் வராமல் சாமான் மட்டும் போவதும் உண்டு. மருந்துப் பொட்டலம், தண்ணீர்க் குழாய், ஒரு பெட்டிக் கோழிக்குஞ்சு. இன்ன வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்றால் ஓட்டுநருக்கு வீடு தெரியும்.

அந்தச் சனிக்கிழமை

சனிக்கிழமை ரோசோவில் சந்தை நாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் சந்தை. விடியும் முன்பே கூட்டம் நெருக்கியடிக்கும். சேம்பு இலைக் கட்டுகள், மஞ்சள், இஞ்சி, சீமைப்பலா, கட்டுக் கட்டாகப் பட்டையும் பே இலையும், கொக்கோவை அரைத்து உருட்டிக் காயவைத்த குச்சிகள். நான் சேம்பு இலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த கலலூ சூப் குடித்துவிட்டு, டெலீஸுக்குப் போகும் வண்டியைத் தேடினேன். டெலீஸ் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஊர். அதன் அருகே வைட் ரிவர் என்ற ஆறு பாய்கிறது. மலை மேலே உள்ள கொதிக்கும் ஏரியின் தண்ணீர் அதில் கலப்பதால் தாதுக்கள் கரைந்து ஆறு பால் கலந்த நீலமாக ஓடும். அந்த ஆற்றில் விழும் விக்டோரியா அருவியைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். இரவு தங்க ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

வண்டி நின்றிருந்தது. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். எனக்கு முன் நான்கைந்து பேர்தான். இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நிறையும் வரை வண்டி கிளம்பாது என்பது தெரியும், ஆகவே பொறுமையாக இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. சந்தையில் விற்றுத் தீர்த்த காலிக் கூடைகளோடு பெண்கள், பனியனில் சிமெண்ட் தூசியோடு ஒருவர், புதிதாக வாங்கிய காலணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி. கடைசி மடக்கு இருக்கையில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் உட்கார்ந்தான். அவன் கொண்டு வந்த கோழித் தீவன மூட்டையை ஓட்டுநர் பின்பக்கம் ஏற்றினார். கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் ஒரு வயதான அம்மா வந்தார். இரண்டு கைகளிலும் பை. கால் ஒன்று வீங்கியிருந்தது. செருப்பின் வாரை வெட்டி அகலப்படுத்தியிருந்தார். அவரும் எல்லோருக்கும் மதிய வணக்கம் சொன்னார். எல்லோரும் திருப்பிச் சொன்னோம். பிறகு அவர் வண்டிக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யார் யார் எங்கே இறங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தில் வந்து அவர் பார்வை நின்றது. குறை சொல்லும் பார்வை இல்லை அது. தெரியாத எண் ஒன்று கணக்கில் வந்தால் அதை இரண்டாம் முறை பார்ப்போமே, அந்தப் பார்வை.

பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலில் பேச்சு நடந்தது. எனக்குப் புரியாது. நான் எழுந்து என் இடத்தில் அவரை உட்காரச் சொன்னேன். அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "உட்காருங்கள். அடுத்த வண்டி வருமா என்று யாருக்கும் தெரியாது. வராவிட்டால் உங்களுக்கு ரோசோவில் யார் இருக்கிறார்கள்?" ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அந்த இளைஞன் மடக்கு இருக்கையைத் தூக்கிவிட்டுக் கீழே இறங்கியிருந்தான். யாரும் அவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் அந்த அம்மாவின் பைகளை வாங்கி உள்ளே கொடுத்தான், கையைப் பிடித்து ஏற்றிவிட்டான், ஓட்டுநரிடம் தீவன மூட்டையைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னான், சந்தையை நோக்கி நடந்து போய்விட்டான். எல்லாம் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

வண்டி மலையேறியது. போன் கசேயில் மழை. கிழக்குக் கரை ஊரான ரோசலியில் அட்லாண்டிக் கடல் முகத்துக்கு நேரே திறந்தது. இந்தச் சாலையின் அழகைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். லா பிளேனைத் தாண்டியதும் ஒரு வளைவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தார். இறங்கிப் போய் தீவன மூட்டையைத் தூக்கி ஒரு வேலியோரம் வைத்தார். வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தார். மூட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார். ஓட்டுநர் பதில் சொன்னார். அந்தப் பெண் வண்டிக்குள் பார்த்து எல்லோருக்கும் மதிய வணக்கம் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பையனைத் தெரிந்திருந்தது. இருட்டிய பிறகு மழையில் யாரோ ஒருவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு வந்தானாம். "சின்னப் பையன், வந்துவிடுவான்" என்றார். அவருக்கு இதில் பேச ஒன்றும் இருக்கவில்லை. கோழிக்கறிக்குப் பச்சை வாழைக்காய் வேகவைக்கப் போய்விட்டார்.

யார் விட்ட இடம்

வயதானவருக்கு இளைஞன் இடம் விடுவது எங்கும் நடப்பதுதானே, இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அவன் விட்டது மடக்கு இருக்கையை. ஆனால் அந்த வண்டியில் கூடுதலாக இருந்த ஆள் நான். நான் இல்லாமல் இருந்திருந்தால் வீங்கிய காலோடு அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், அவனும் தன் மூட்டையோடு வீட்டு வாசலில் இறங்கியிருப்பான். விருந்தாளியை நிற்க வைக்கக் கூடாது என்று அந்த வண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் விலையை ஒரு இருபது வயதுப் பையன் மழையில் நின்று கொடுத்தான். சுதந்திரப் பயணி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வழிகாட்டி இல்லை, முன்பதிவு இல்லை, யாரையும் சார்ந்திருக்கவில்லை என்கிறோம். உண்மையில் டெலீஸ் போகும் வரை என் பயணம் முழுக்க முழுக்க மற்றவர்களுடைய பெருந்தன்மையைச் சார்ந்திருந்தது. கப்பலில் வந்தவர்கள் யாரும் அந்தப் பையனின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களுக்கென்று அமர்த்திய வேனில் போனார்கள். கப்பல் பயணத்தைப் பற்றி எனக்கு இப்போதும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்த ஊர்களில் வண்டியில் ஓர் இடம் என்பதற்கு என்ன மதிப்பு என்று டெலீஸிலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும். அடுத்த ஊர் பெட்டீட் சவான். 2015 ஆகஸ்ட் 27 அன்று எரிகா புயலின் மழையில் மலைச்சரிவு சரிந்து அந்த ஊரின் மேல் விழுந்தது. உயிர் பிழைத்தவர்களை வெளியேற்றினார்கள். ஊரை மறுபடி குடியிருப்பாக அனுமதிக்கவில்லை. பெல்வியூ சோப்பின் என்ற இடத்தில் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பே மரத்தின் இலையிலிருந்து வடிக்கும் எண்ணெய்க்குப் பேர்போன பகுதி பெட்டீட் சவான். மரங்கள் அங்கேயேதான் நிற்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, 2017 செப்டம்பர் 18 இரவு மரியா சூறாவளி மிக உயர்ந்த ஐந்தாம் நிலை வேகத்தோடு தீவின் மேலேயே ஏறிக் கடந்தது. தீவின் கூரைகளில் பத்தில் ஒன்பது சேதமடைந்தன. சேதமும் இழப்பும் சேர்ந்து நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். சாலைகள் அறுந்து, ஊர்கள் தனித்தனித் தீவுகளாயின. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு நகரத்துக்குப் போகும் வண்டி எவ்வளவு முக்கியம் என்பதை வெளியூர்க்காரர் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி எப்படியும் வந்துவிடும் என்று அவர்கள் நம்பி இருப்பதில்லை. ஆகவேதான் பெரியவர் எனக்காகக் கவலைப்பட்டார்.

எதிர்த் திசைப் பயணம்

அதன் பிறகு பஸ்ஸை விட்டுவிடவில்லை. திசையை மாற்றிக்கொண்டேன். ரோசோவில் தங்கி, காலையில் வெளியே போகும் வண்டியில் ஏறி, பிற்பகலில் ஊர்க்காரர்களை இறக்கிவிட்டு நகரத்துக்குத் திரும்பும் வண்டியில் வந்தேன். இரண்டு நேரமும் கூட்டத்துக்கு எதிர்த் திசை. அப்போது நான் உட்காருவது யாரும் உட்காராத இடம். நான் கொடுக்கும் காசு ஓட்டுநருக்கு இல்லாமல் போயிருக்கும் காசு. ரோசோவுக்கு மேலே மலையிலுள்ள லோடா என்ற ஊருக்கு அப்படித்தான் போனேன். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். பின் இருக்கையில் ரொட்டிக் கூடை ஒன்றும், ஒரு கேஸ் சிலிண்டரும், நானும். வழியெல்லாம் எந்தச் சரிவு எந்தப் புயலில் சரிந்தது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். நிறைந்த வண்டியில் இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்திருக்காது.

லோடாவிலிருந்துதான் கொதிக்கும் ஏரிக்கு நடை தொடங்குகிறது. போய் வர ஆறேழு மணி நேரம். வழிகாட்டியோடு போவதே நல்லது. பாதை தெரியாதவருக்கு அது ஆபத்தான இடம். மழைக்காட்டில் ஏறி இறங்கி, கடைசியில் மரம் மட்டை எதுவும் இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். பாறை வெடிப்புகளிலிருந்து ஆவி சீறுகிறது. ஓர் ஓடை கறுப்பு, அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று சாம்பல், மற்றொன்று கந்தக மஞ்சள். வழிகாட்டி ஒரு முட்டையை ஓடையில் வைத்து வேகவைத்துக் கொடுத்தார். அதைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறினால் கீழே ஏரி. அறுபது மீட்டர் அகலம். நடுவில் தண்ணீர் தளதளவென்று கொதித்து மேலெழும்புகிறது. 1875இல் விளிம்பில் அளந்தபோதே 82 முதல் 92 டிகிரி வரை இருந்திருக்கிறது. காற்று ஆவியை விலக்கினால் தெரியும், விலக்காவிட்டால் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்கு விலகியது.

இந்த ஏரிக்கு ரோசோ பள்ளத்தாக்கிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கேபிள் கார் கட்டும் திட்டம் வேலையில் இருக்கிறது. அது வந்தால் கப்பலிலிருந்து இறங்கியவர்களும் ஏரியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். நடக்க முடியாதவர்களுக்கும் அந்தக் காட்சி கிடைப்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. என் கவலை வேறு. இன்று ஏரிக்குப் போகிறவர் லோடாவின் வண்டியில் ஏற வேண்டும், லோடாவின் வழிகாட்டியை அமர்த்த வேண்டும், லோடாவில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். கேபிள் கார் லோடாவைத் தொடாமலே போகும். அந்தச் சில்லறையெல்லாம் வேறு எங்கோ சேரும்.

கலினாகோ மக்களின் நிலத்தில்தான் இந்தக் கணக்கு எனக்கு மறுபடி குழம்பியது. கொலம்பஸுக்கு முன்பிருந்தே இந்தத் தீவில் வாழ்கிறவர்கள். 1903இல் பிரிட்டிஷ் ஆட்சி கிழக்குக் கரையில் 3,700 ஏக்கரை அவர்களுக்கென்று ஒதுக்கியது. அந்த நிலம் எல்லோருக்கும் பொது. தனியாருக்கு விற்க முடியாது, ஆகவே வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. சாலையோரம் ஒரு கொட்டகையில் மரவள்ளிக்கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, அடுப்பின் மேல் கிடந்த பெரிய இரும்புத் தட்டில் மாவைக் கையாலேயே வட்டமாகப் பரப்பிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. தேங்காயும் இஞ்சியும் கலந்த மாவு. விளிம்பு சிவந்ததும் மரத் துடுப்பால் ஒரே வீச்சில் திருப்பிப் போட்டார். சுடச்சுடச் சாப்பிட்டேன். நேரம் போனது. நகரத்துக்குத் திரும்பும் வண்டி வரவில்லை. பிற்பகலில் எதிர்த் திசையில் வண்டி குறைவு, ஏனென்றால் ஊர் வந்து சேர்ந்த ஓட்டுநர் மறுபடி காலி வண்டியோடு நகரத்துக்குப் போக மாட்டார். எதிர்த் திசையில் போகிறவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு பிக்கப் என்னைப் போன் கசே வரை கொண்டுவந்து விட்டது.

ரவுண்டானாவில் ஒரு தாயும் சிறுவனும் எனக்கு முன்பே காத்திருந்தார்கள். மழை. இரண்டு வேன்கள் நிறைந்து போயின. அப்போது வாடகைக் கார் ஒன்று நின்றது. மார்ட்டினிக்கிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும். பின்னால் கிடந்த துண்டு, செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒதுக்கி எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களும் அந்தத் தாயும் கிரியோலில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். தீவில் இரண்டு ஆட்கள் பின் இருக்கை காலியாகக் காரோட்டிப் போவதை நான் வழியெல்லாம் பார்த்திருக்கிறேன். சாலையோரம் நிற்கிறவர்களைத் தாண்டி அவை போகும். அந்தக் கார்கள் மீது எனக்கிருந்த கோபம் சரியானதுதான். ஆனால் இந்தக் கார் நின்றது. அன்று அந்தத் தாய்க்கும் பையனுக்கும் என் பஸ் பயணத்தால் எந்த நன்மையும் இல்லை, அந்தக் காரால்தான் நன்மை.

அண்மையில் ஒரு நண்பர் அப்பா அம்மாவோடு டொமினிகா போகிறேன், பஸ்ஸா காரா என்று கேட்டார். காரே எடுங்கள் என்றேன். அவருக்கு ஆச்சரியம். பெரியவர்களை வைத்துக்கொண்டு போன் கசேயில் நிற்க முடியாது. ஏழு பேர் போகக்கூடிய வண்டியாகப் பாருங்கள், மூன்று பேர்தானே போகிறீர்கள், மற்ற இடங்களை வழியில் கை காட்டுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கம்தான். உள்ளூர் ஓட்டுநர் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரோசோவிலிருந்து லோடாவுக்கும் ட்ரஃபால்கருக்கும் மட்டும் ஒருநாள் காலையில் பஸ்ஸில் போங்கள், ஓட்டுநரிடம் பேச முடியும். சனிக்கிழமை மதியம் சந்தை பக்கம் போனால் கிழக்கே போகும் வண்டிகள் நிற்கும் தெருவில் காரை மெதுவாக ஓட்டுங்கள். டெலீஸ், லா பிளேன் என்று யாராவது கேட்டால், அங்கே போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள், அந்தப் பக்கம் பார்க்க நிறைய இருக்கிறது என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.